செங்குட்டுவன் வில் வாங்கிய வரலாறு

“இந்த நார்த் மெட்ராஸ்ல என்ன ஏமாத்தி ஒரு பொருள வித்தவன் இன்னும் பொறக்கல. நாலு கம்பேர் பண்ணாம நான் ஒரு தீப்பெட்டிகூட வாங்க மாட்டேன். எழுதி வச்சிக்கோ.”

மேற்படி பிரகடனம், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு எதிர்த்த டீக்கடையில், செப்டம்பர் மாதத்து ஒரு காலை ஏழே முக்கால் மணிக்கு, ஒரு கையில் டீயும் மறு கையில் பட்டர் பிஸ்கட்டுமாக வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் வியாசர்பாடி செங்குட்டுவன், வயது நாற்பத்தாறு, கனரக யார்டு ஒன்றில் ரிக்கிங் சூப்பர்வைசர். செவிமடுத்த பெருமக்கள் மூவர். அவர்களில் கிரேன் ஓட்டும் குணசேகரன் மட்டும் வாய் திறந்தார்.

“எழுதி வைக்கப் பேனா வோணுமே மாமு. எந்தப் பேனா நல்லதுன்னு நீ சொல்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்.”

செங்குட்டுவன் இதைப் பொருட்படுத்தவில்லை. பெரிய மனிதர்கள் தம் காலத்தவரால் புரிந்துகொள்ளப்படுவதில்லை.

ரிக்கிங் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எண்பது டன் கொதிகலன் ஒன்றை லாரியிலிருந்து இறக்க வேண்டும். கம்பிவடத்தை எங்கே போடுவது, எந்தக் கொக்கி, எத்தனை கப்பி, எந்தப் பக்கம் சாயும் என்று சொல்பவர்தான் ரிக்கர். கிரேன்காரர் மேலே ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். கீழே நின்று கையை அசைத்து அந்த ராஜாவை ஆட்டிவைப்பவர் இவர். இருபத்திரண்டு வருஷத்தில் செங்குட்டுவன் தூக்கச் சொன்ன ஒரு சாமானும் கீழே விழுந்ததில்லை. காரணம், அவர் கடைப்பிடித்த இரண்டு விதிகள். முதலாவது, பத்து டன் சரக்கைத் தூக்க ஐம்பது டன் தாங்கும் வடம் போடு. ஐந்து மடங்கு. இரண்டாவது, புதிதாக எந்தத் தளவாடம் வந்தாலும், சரக்கை மாட்டுவதற்கு முன்னால் காலியாக ஒரு தடவை ஓட்டிப் பார்.

இரண்டும் அருமையான விதிகள். யார்டில் பல பேருடைய உயிரைக் காப்பாற்றியவை. சிக்கல் என்னவென்றால், ஷிஃப்ட் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பதுபோல இந்த விதிகளை அவர் கழற்றி வைப்பதில்லை. வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாவது மாடியில், அவர் வீட்டுக் கொடிக்கயிறு ஒன்றேகால் டன் தாங்கும். அதில் அவருடைய மனைவி மலர்க்கொடியின் இரண்டு புடவைகளும் ஒரு துண்டும் மிகுந்த பாதுகாப்புடன் உலர்ந்துகொண்டிருக்கும்.

விதிகளுக்கு அடுத்தபடியாக அவருடைய மேதைமை விளங்கியது ஒப்பிட்டு வாங்கும் கலையில். மிக்ஸி வாங்கப் பெரம்பூரிலிருந்து பாரிமுனை வரை பதினோரு கடை. ஃபிரிட்ஜுக்கான ஆய்வு பங்குனியில் தொடங்கியது; ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது ஐப்பசி அடைமழையில். டி.வி. விஷயத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தபோது, அந்த மாடலைச் செய்வதையே கம்பெனி நிறுத்தியிருந்தது. செங்குட்டுவன் கலங்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“ஏன்யா, என்னக் கட்டிக்கசொல்ல எத்தினி பேரோட கம்பேர் பண்ண?” என்று மலர்க்கொடி ஒருமுறை கேட்டாள்.

“அப்போ எனக்கு அனுபவம் பத்தாது” என்றார் அவர், மிகுந்த உண்மையுடன். அன்று இரவு அவருக்கு ரசம் மட்டுமே பரிமாறப்பட்டது.

இப்போது மலர்க்கொடி. வயது நாற்பத்தொன்று. கொருக்குப்பேட்டைப் பள்ளி ஒன்றில் சத்துணவுச் சமையலர். ஒரே மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். இருநூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டும் கை மலர்க்கொடியுடையது. கரண்டியே மூன்றடி நீளம். அதே பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் ரூத், மாலை வேளைகளில் மைதானத்தில் வில்வித்தை கிளப் நடத்துகிறார். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள், பாத்திரம் கழுவி முடித்து, மழை விடுவதற்காக ஷெட்டில் ஒதுங்கி நின்ற மலர்க்கொடியிடம், “இழுத்துப் பாக்கறீங்களா மலர்க்கா?” என்று ரூத் விளையாட்டாகத் தன் வில்லை நீட்டினார். மலர்க்கொடி இழுத்தாள். இழுத்தபடியே நின்றாள். விடச் சொல்லும் வரை நிற்க வேண்டும் போலும் என்று நினைத்து நின்றுகொண்டே இருந்தாள். கை நடுங்கவில்லை.

அந்த முதல் அம்பு எங்கே போனது என்பதைப் பற்றிப் பள்ளி நிர்வாகம் இன்றுவரை கேட்கவில்லை. எனவே நாமும் கேட்க வேண்டாம். அடுத்த வருஷம் ஆகஸ்டுக்குள் ஐம்பது மீட்டரிலிருந்து இலக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் பத்துக்கு ஏழு போட்டாள் என்பது மட்டும் போதும்.

ரூத்தின் வில், காம்பவுண்ட் வில் என்ற ரகம். சாதாரண வில்லை இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும். இதிலோ இரண்டு முனையிலும் சின்னச் சக்கரங்கள். பாதி வழியில் கனம் உச்சத்துக்குப் போகும். முழுக்க இழுத்து முடித்ததும் முக்கால்வாசிக் கனம் சட்டென்று இறங்கிவிடும். அந்தத் தளர்வில் நின்று நிதானமாகக் குறி பார்க்கலாம்.

அக்டோபர் முதல் வாரம் ரூத் வீடு தேடி வந்தார்.

“அண்ணா, பிப்ரவரி ரெண்டாவது ஞாயிறு மாவட்ட டீமுக்குத் தேர்வு. வயசு வரம்பு கிடையாது. மலர்க்கா பேரை அனுப்பப் போறேன். ஆனா இந்த வில்லு என் உயரத்துக்கு. அவங்க கழுத்தை நீட்டி நீட்டி விடறாங்க. தேர்வுல எழுபத்திரண்டு அம்பு விடணும்; முப்பது தாண்டினா தோள் போயிடும். அவங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிடுங்க. புது வில்லுல கை பழகக் கொஞ்ச நாள் வேணும். சீக்கிரம் வாங்கினா நல்லது.”

செங்குட்டுவன் ரூத்தின் வில்லை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஞான ஒளி படர்ந்தது.

“அட, இது கப்பி டீச்சர். ரெண்டு கப்பி, ஒரு வடம். இருவத்ரெண்டு வருசமா நான் பண்ணிக்கினு கீற வேலை. இத்தப் போயி நீங்க ஆர்ச்சரின்னு சொல்றீங்க. ஒரு வாரம் டைம் குடுங்க.”

மலர்க்கொடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வாரம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன பொருள் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேர்வானவர்களுக்கு முதுகில் பெயர் அச்சடித்த பனியன் தருவார்களாம். ரேஷன் கார்டிலும் வருகைப் பதிவேட்டிலும் தவிர வேறெங்கும் அவள் பெயர் அச்சில் வந்ததில்லை. இந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பனியன் என்ன சைஸில் வரும் என்று ரூத்திடம் இரண்டு முறை கேட்டிருந்தாள்.

பணம் ஒரு பிரச்னையே அல்ல. சீட்டு எடுத்த தொகை பாங்கில் சும்மா படுத்திருந்தது. ஆகவே ஆய்வு தொடங்கியது.

குடியிருப்பில் செய்தி பரவ அரை நாள் ஆயிற்று. முன்னறையில் புத்தர் படத்துக்குக் கீழே செங்குட்டுவன் நீள சைஸ் நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, குணசேகரன் வந்து நிலைப்படியில் சாய்ந்தார்.

“இன்னா மாமு, புத்தரு படத்தாண்ட குந்திக்கினு வில்லு கணக்கா?”

“சித்தார்த்தரு வில்லு வுட்டு ஜெய்ச்சுத்தான் யசோதராவக் கட்டினாரு. தெரியாம பேசாத.”

“அது சரி. அவரு வில்லு வாங்க எத்தினி மாசம் எட்த்துக்கினாரு?”

சரித்திரம் இதற்கு விடை தருவதில்லை.

நோட்டில் முதலில் ஐந்து கட்டங்கள்: அம்பின் வேகம், வில்லின் நீளம், எடை, உச்சக் கனம், இழுத்து முடித்ததும் எவ்வளவு கனம் இறங்கும் என்ற கணக்கு. நவம்பரில் பன்னிரண்டு. டிசம்பர் புயல் மழையில் மூன்று நாள் லீவு விட்டார்கள்; பதினேழு. அமெரிக்க வேட்டைக்காரர்களின் வீடியோக்களை அவர் இரவு பகலாக ஆராய்ந்தார். அவர்கள் பேசும் இங்கிலீஷ் முழுதாகப் புரியவில்லை என்றாலும், தாடிக்காரர் ஒருவர் ஒவ்வொரு வில்லையும் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு கரடி விழுந்தது. கரடி எத்தனை அடி தூரத்தில் விழுந்தது என்பது பதினெட்டாவது கட்டம் ஆயிற்று.

“மலரு, இத்தப் பாரு. செகண்டுக்கு முந்நூத்தி நாப்பது அடி ஸ்பீடு. கரடி நின்ன எடத்துலயே சாஞ்சிடுது.”

“சத்துணவுக் கூடத்துல கரடி ஏதுய்யா?”

“ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

“ஒரு பேச்சுக்கு வாங்கிட்டு வாயேன்.”

ராயபுரத்தில் கப்பல்களுக்குக் கயிறு, பெயிண்ட், மிதவை விற்கும் பழைய கடை ஒன்று உண்டு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா முன்பக்கம் நங்கூரச் சங்கிலி விற்கிறார். மகன் அபின் பின்பக்கக் குடோனில் ஒரு சுவர் முழுக்க வில்களைத் தொங்கவிட்டு விற்கிறான். செங்குட்டுவன் அங்கே தனியாக மட்டும் பதினான்கு தடவை போனார். அபின் பொறுமைசாலி, முதல் ஆறு தடவை டீ வாங்கிக் கொடுத்தான்.

“மலர்க்கா இப்ப எத்தனை பவுண்டு இழுக்காங்க அண்ணே?”

“முப்பத்தெட்டு.”

“அப்ப நாப்பதுல எடுக்கலாம். பழகப் பழக ஏத்திக்கலாம்.”

செங்குட்டுவன் பரிதாபமாகச் சிரித்தார். “தம்பி, ரிக்கிங்ல இதுக்குப் பேரு தற்கொல. முப்பத்தெட்டுக்கு அஞ்சு மடங்கு போடு. நூத்தித் தொண்ணூறு. நூத்தித் தொண்ணூறு பவுண்டு வில்லு காட்டு.”

அப்படி ஒரு வில் கடைக்கே வராது என்று அபின் வேளாங்கண்ணி மாதாவின் மேல் சத்தியம் செய்தான். இருப்பதில் பெரியது எழுபது. செங்குட்டுவன் அரைமனதாக எழுபதுக்கு இறங்கி வந்தார். வடத்தின் தாங்கும் சக்தி அதிகமானால் தூக்குகிறவனுக்கு நிம்மதி; வில்லின் கனம் அதிகமானால் அதை இழுக்கிறவளுக்குத் தோள் கழன்றுவிடும் என்ற வேறுபாட்டை அபின் மூன்று தடவை விளக்கினான். மூன்று தடவையும் செங்குட்டுவன், வயதில் சிறியவர்களிடம் காட்ட வேண்டிய பரிவுடன் கேட்டுக்கொண்டார். கடைசியில், போட்டியில் அறுபதுக்கு மேல் அனுமதியே இல்லை என்று ரூத் போனில் சொன்ன பிறகுதான் எழுபதுகள் அத்தனையும் நோட்டில் அடிக்கப்பட்டன. ஆறு வாரத்து உழைப்பு.

“அண்ணே, ஒரு தடவ அக்காவக் கூட்டிட்டு வாங்களேன். கையில குடுத்துப் பாத்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும்” என்றான் அபின், பத்தாவது விஜயத்தின்போது.

“அவ எதுக்குப்பா? இது டெக்னிக்கல் சமாச்சாரம்.”

அக்டோபரில் சொன்ன ஒரு வாரம் இப்படியாகப் பொங்கலையும் தாண்டிவிட்டது. மலர்க்கொடி ரூத்தின் நெட்டை வில்லோடு கழுத்தை நீட்டி நீட்டிப் பயிற்சி செய்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு, “ஆச்சா?” என்பாள். “அஞ்சு வில்லுல வந்து நிக்குது” என்பார் அவர். மறுபடியும் ஒருநாள் கேட்பாள். மறுபடியும் ஐந்து.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை செங்குட்டுவனுக்கு வார லீவு. முந்தின நாள் மலர்க்கொடி கைப்பிடித் துணியைத் தைத்துச் சரிசெய்வதற்காக ரூத்தின் வில்லை வீட்டுக்குக் கொண்டுவந்து பரண் ஓரம் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். நோட்டோடு உட்கார்ந்திருந்தவரின் பார்வை அதன் மேல் விழுந்தது. ஐந்து இறுதிப் போட்டியாளர்களையும் எதனோடு ஒப்பிடுவது? அளவுகோல் என்று ஒன்று வேண்டாமா? யார்டிலிருந்து தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். குணசேகரனுக்கும் அன்று லீவு; உதவிக்கு வந்திருந்தார். வில்லைத் தராசில் மாட்டி இழுத்து உச்சக் கனத்தைக் குறித்தாயிற்று. எடை பார்த்தாயிற்று. நீளம் அளந்தாயிற்று.

“இப்போ ஆக்சன் பாக்கணும்” என்றார் செங்குட்டுவன். எழுந்து, காலை அகட்டி நின்று, நாணை முழுக்க இழுத்தார்.

“மாமு, அம்பு போடலியே.”

“நீ எத்தினி வருசமா கிரேன் ஓட்ற? புதுக் கொக்கி வந்தா எட்த்தவுடனே சரக்க மாட்டுவியா?”

“மாட்ட மாட்டேன்.”

“மொதல்ல இன்னா பண்ணுவே?”

“காலியா ஓட்டுவேன்.”

“அப்ப பொத்திக்கினு நில்லு” என்றார் செங்குட்டுவன். விட்டார்.

இழுத்த வில்லின் விசை முழுவதும் அம்போடு போக வேண்டியது. அம்பு இல்லையென்றால் அதற்குப் போக இடமில்லை. வந்த வழியே வில்லுக்குள் திரும்பிவிடும். உலகத்தில் எந்த வில்லை வைத்திருப்பவரும் செய்யக்கூடாத ஒரே காரியம் இது. அதனால்தான் ரூத்தின் வில்லிலேயே, மேல் பட்டையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்பு எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நோட்டின் பதினெட்டுக் கட்டங்களில் ஸ்டிக்கருக்குக் கட்டம் இல்லை.

டமால் என்ற சத்தத்தில் கீழ்மாடி நாய் குரைத்தது. நாண் தெறித்து, மேல் சக்கரம் கோணி, பட்டை நீளவாக்கில் பிளந்தது. செங்குட்டுவனின் மணிக்கட்டில் சவுக்கால் அடித்ததுபோல ஒரு தடிப்பு. புத்தர் மட்டும் அசையவில்லை.

“ஆக்சன் பாத்துட்ட மாமு” என்றார் குணசேகரன். பிறகு, தனக்கு ஒரு வேலை இருப்பது நினைவுக்கு வந்தவராகக் கிளம்பிப் போனார்.

மூன்று மணிக்கு மலர்க்கொடி வந்தாள். முதலில் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டாள். அதன் பிறகுதான் சுவர் ஓரம் துண்டு போட்டு மூடிவைத்திருந்ததைத் திறந்து பார்த்தாள்.

“டீச்சராண்ட இன்னா சொல்லப் போற?”

“புதுசே வாங்கிக் குட்துட்றேன் மலரு.”

“எப்போ? டீச்சரு பேரன் எடுக்கசொல்லவா?”

ரூத்துக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

“எனக்குத் தேர்வுக்குப் பத்தொம்போது நாள் கீது” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “கையில வில்லு இல்ல. போட்டும். நாலு மாசமா எழுதிக்கினு கீறியே, அந்த நோட்டக் குடு.”

கொடுத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீயே பாத்துச் சொல்லு. அதுல எங்கனா என் பேரு கீதா?”

செங்குட்டுவன் பக்கங்களைத் திருப்பினார். உண்மையிலேயே தேடினார். கரடி நான்கு இடத்தில் இருந்தது. தாடிக்காரரின் பெயர் அடிக்கோடிட்டு இருந்தது. அபினின் போன் நம்பர் இருந்தது. கடைசிப் பக்கத்தில் குணசேகரன் கிறுக்கிய ஒரு கிரேன் படம்கூட இருந்தது. அவ்வளவுதான்.

மலர்க்கொடி எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை, ஷிஃப்டுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, உடைந்த வில்லைப் போர்வையில் சுற்றிக்கொண்டு செங்குட்டுவன் பள்ளிக்குப் போனார். விபத்து நடந்த யார்டில் விசாரணைக்கு நிற்பவரைப்போல மைதானத்தில் நின்றார். ரூத் பிளந்த பட்டையைத் தடவிப் பார்த்தார்.

“காலியா விட்டீங்களா?”

“ஆமா டீச்சர்.”

“ஏன்?”

“யார்டுல அப்டித்தான்.”

ரூத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆசிரியை என்பதால் இரண்டையும் அடக்கிக்கொண்டார். “ஸ்பேர் பார்ட்ஸ் வர ஆறு வாரம் ஆகும். என் வில்லை விடுங்க, அதைப் பொறுமையா சரிபண்ணிக்கலாம். மலர்க்கா விஷயம்தான். கிளப்புல அவங்களுக்குத் தர இன்னொரு வில் இல்ல. புதுசுல கை பழகக் குறைஞ்சது ரெண்டு வாரம் வேணும். சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வில் கையில இல்லேன்னா, லிஸ்ட்லேர்ந்து அவங்க பேரை எடுத்துட்டு அடுத்தவங்களுக்கு இடம் குடுத்தாகணும். சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணா.”

“புரியுது டீச்சர்.”

“ஒண்ணு கேக்கறேன். இத்தனை மாசத்துல அவங்களைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?”

செங்குட்டுவன் வாயைத் திறந்தார். டெக்னிக்கல் என்ற சொல் தொண்டை வரை வந்து, அங்கேயே நின்று, வந்த வழியே திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, பள்ளி வாசலில் அவர் பைக்கோடு நிற்பதை மலர்க்கொடி பார்த்தாள். இடுப்பில் மஞ்சள் கறை, கையில் டிபன் தூக்கு.

“எங்க?”

“ராயபுரம். குந்து.”

பதினைந்தாவது தடவையாகத் தலையெழுத்தை நொந்துகொண்டு எழுந்த அபின், பின்னால் வந்தவளைப் பார்த்ததும் அப்பாவையே கூப்பிட்டு டீ சொல்லச் சொன்னான். மலர்க்கொடியைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்கவைத்து, இரு கைகளையும் சிலுவைபோல நீட்டச் சொன்னான். விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை டேப்பைப் பிடித்தான்.

“அறுபத்து நாலு இஞ்சு. ரெண்டரையால வகுத்தா இருபத்தஞ்சரைச் சொச்சம். அக்கா நாண இழுக்க வேண்டிய நீளம் அதுதான். அண்ணே, நீங்க எடுத்து வச்ச அஞ்சு எது?”

செங்குட்டுவன் நோட்டைப் பார்க்காமலே ஐந்து பெயரையும் சொன்னார்.

“அஞ்சும் இருபத்தேழுக்குக் கீழ வராதுண்ணே. அக்காவுக்கு ஒண்ணுமே சேராது.”

முன்பக்கம் யாரோ நங்கூரச் சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான்கு மாதம், பதினெட்டுக் கட்டம், நூற்றுப் பதினாறு பக்கம். அளவெடுக்க ஆன நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. செங்குட்டுவன் டேப்பை வாங்கி, தானே ஒருமுறை அவள் கைகளை அளந்தார். அறுபத்து நாலுதான். சரியான அளவு என்று தலையசைத்துவிட்டு, டேப்பைப் பதமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அபின் சுவரின் கோடியிலிருந்து ஒரு வில்லை இறக்கினான். நீல நிறம். அவர் கண்ணில் இதுவரை பட்டிருக்கவே இல்லை. வேகம் குறைவான வில்களை அவர் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் எடுத்து, சக்கரத்தை அவள் கைக்குத் தகுந்தபடி திருகி, கனத்தை நாற்பதில் நிறுத்தி, கையில் கொடுத்தான். குடோனின் மறு கோடியில், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே, ஒரு இலக்கு மாட்டியிருந்தது.

மலர்க்கொடி அம்பைப் பொருத்தினாள். இழுத்தாள். கழுத்து நீளவில்லை. நாண் தாடை ஓரம் வந்து, அதற்காகவே அளந்து வைத்த இடம்போல உட்கார்ந்தது. முதல் அம்பு. இரண்டாவது. மூன்றாவது அம்பு இரண்டாவதின் பக்கத்தில் உரசிக்கொண்டு நின்றது. நான்காவதை விடும் முன் அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்; அதுவும் அங்கேயே போய் நின்றது. செங்குட்டுவன் இலக்கைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தொங்கும் சரக்கு ஆடுகிறதா என்று பார்த்துப் பழகிய கண். அது அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடவில்லை.

“இது ஒத்துக்கிச்சி” என்றாள் அவள்.

அபின் வியாபாரி, ஆனால் நேர்மையான வியாபாரி. “நல்லதுதான் அக்கா. ஆனா ஒண்ணு சொல்லிரணும். இதே அளவுல இன்னும் ரெண்டு மாடல் பெங்களூர்ல வந்து நிக்கு. அண்ணன் ஒப்பிட்டுத்தான வாங்குவாங்க. திங்கக்கிழமை வரவழைச்சிருதேன். மூணையும் பக்கத்துல வச்சி—”

மலர்க்கொடி வில்லைக் கீழே இறக்கினாள். கணவனைப் பார்க்காமல் இலக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செங்குட்டுவனின் வலது கை சட்டைப் பையில் இருந்த பேனா வரை போயிற்று. திங்கட்கிழமை. இன்னும் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து. கை அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மீசையைத் தடவிவிட்டுக் கீழே வந்தது.

“வோணாம் தம்பி. இத்தயே கட்டு.”

“ஸ்பெக் ஷீட் தரட்டுமாண்ணே? வேகம் எல்லாம்—”

“பைக்குள்ள போட்டு வை.”

மலர்க்கொடி போனை எடுத்து நம்பரைப் போட்டாள். “டீச்சர், மலர் பேசறேன். பேர எடுத்துடாதீங்க” என்றாள். மறுபக்கம் ரூத் என்ன சொன்னாரோ, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றுச் சுருள்களைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, தனக்கு அவசரம் ஏதுமில்லை என்ற நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில் மலர்க்கொடி நீளப் பையை மடியில் குறுக்கே போட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். செங்குட்டுவனின் போன் அடித்தது. குணசேகரன்.

“இன்னா மாமு, வில்லு வாங்கப் போயிக்கிறியாமே? யார்டே பேசிக்கினு கீது. எந்தக் கம்பெனி?”

செங்குட்டுவன் யோசித்தார்.

“தெர்ல.”

“தெர்லயா? ஸ்பீடு?”

“கேக்கல மாமு.”

ரயிலின் கடைசிப் பெட்டி கடந்தது. குணசேகரனின் குரல் கவலையோடு வந்தது. “நைனா, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? அப்புறம் இன்னாதான் தெரியும் அத்தப் பத்தி?”

“நீலக் கலரு” என்றார் செங்குட்டுவன். கேட் திறந்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டு கியரைத் தட்டினார்.